மேட்டுக்காட்டில் கிராவல்: மொத்தமாகத் தோண்டுவதா, பட்டை பட்டையாகவா, குட்டையாக விடுவதா?

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஓமலூர், காடையாம்பட்டி, தீவட்டிப்பட்டி பக்கம் மேட்டுக்காடு வைத்திருப்பவர்களைத் தேடி டிப்பர்காரர்கள் வருவது புதிதல்ல. மனைப்பிரிவுக்கு மேடாக்க மண் வேண்டும், சாலைக்கு அடிமண் வேண்டும். மழையை நம்பிச் சோளமும் கடலையும் போட்டுக் கைக்கும் வாய்க்கும் பற்றாத நிலத்தில், ஓரடிக்குக் கீழே நல்ல கிராவல் (சரளை மண்) இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும். பேரம் சீக்கிரம் படிந்துவிடும். அதற்கப்புறம்தான் கேள்வி வரும். ஒரேயடியாக எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விடலாமா, பகுதி பகுதியாக எடுக்கச் சொல்லலாமா, எடுத்த குழியை என்ன செய்வது?

வாசகர்கள் பலர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழி கடைசியில் என்னவாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மூலையில் பொக்லைன் இறங்க வேண்டும், மேல்மண்ணை எங்கே கொட்ட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பெரும்பாலானோர் தோண்டி முடித்துவிட்டு, குழி ஓரத்தில் நின்றுகொண்டு யோசிக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு

பேச்சுக்கு 5 ஏக்கர் பட்டா நிலம் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஓரடி செம்மண், அதன் கீழே ஆறடி கிராவல், அதற்கும் கீழே பொடிந்த பாறை. சதுரமான நிலமாக இருந்தால் ஒரு பக்கம் 142 மீட்டர் வரும். பக்கத்துப் பட்டாவை ஒட்டி 7.5 மீட்டர், புறம்போக்கோ அரசு நிலமோ இருந்தால் 10 மீட்டர் விட்டுத்தான் பொதுவாகத் தோண்டச் சொல்வார்கள். நாலு பக்கமும் 7.5 மீட்டர் விட்டாலே மிச்சம் 4 ஏக்கர்தான். அதே 5 ஏக்கர் நீளவாட்டில், 300 மீட்டருக்கு 67 மீட்டராகக் கிடந்தால் 3.7 ஏக்கராகக் குறைந்துவிடும். ஆகவே முழு 5 ஏக்கருக்கும் சேர்த்து யாராவது தொகை பேசினால், ஒன்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் எல்லை விடும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் எடுத்தால் 435 யூனிட். நாலு ஏக்கரில் ஆறடி என்றால், ஓரச் சரிவைக் கழித்து ஏறக்குறைய 10,000 யூனிட் கிராவல். மேல்மண் மட்டும் தனியாக 1,740 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 580 நடை. இந்த 580 நடையை யார், எப்போது, எத்தனை தடவை அடிப்பது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

எதை வைத்து எடை போடுவது

மேல்மண் முக்கியம் என்பதால் அதை முதலில் வைக்கிறேன். வெட்டிய குழியின் ஓரத்தில் இறங்கிப் பார்த்தால் புரியும். மேலே ஒரு முழம்கூட இல்லாத செம்மண்ணில்தான் வேர்கள், எறும்புப் புற்று, மண்புழு வழிகள் எல்லாம் இருக்கும். அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல், அப்புறம் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக்கல் கலந்த கிராவல், அடியில் கையால் பொடிக்க வரும் சாம்பல் நிறப் பாறை. இவற்றில் மேலே உள்ள அந்த ஓரடி மட்டும்தான் பயிர் செய்யும் மண். அது கிராவலோடு கலந்துவிட்டாலோ, செம்மண் என்று தனி விலைக்கு விற்றுப் போய்விட்டாலோ, மறுபடி உருவாகப் பல தலைமுறை பிடிக்கும்.

இரண்டாவது தண்ணீர். சேலம் கெட்டிப் பாறைப் பூமி. கிணற்றில் ஊறுவது பெரும்பாலும் மேலே இருக்கும் இந்தப் பொடிந்த அடுக்கில் தங்கும் மழைநீர்தான். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும் நனைந்த சாக்கு மாதிரி அது. அதை எடுத்துவிட்டால் உங்கள் கிணறு மட்டுமல்ல, கீழ்க்காட்டுக்காரர் கிணறும் சீக்கிரம் வற்றும். நிலத்தகராறு பலவும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மூன்றாவது பணம் வரும் நேரமும் செலவு வரும் நேரமும். கிராவல் காசு முதலில் வரும், சீரமைப்புச் செலவு கடைசியில் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணமோ, கடனோ கண்டிப்பாக வந்து நிற்கும்.

நான்காவது ஆபத்து. உலோகச் சுரங்கங்களுக்கான 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, மண், கிராவல் போன்ற இளகிய நிலத்தில் ஓரத்தை 45 பாகைக்கு மேல் செங்குத்தாக விடக் கூடாது. அல்லது 1.5 மீட்டர் உயரத்துக்கு மிகாத படிகளாக வெட்ட வேண்டும். படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் மொத்த ஆழம் ஏழடி, அதாவது 2 மீட்டருக்கு மேல். எனவே நேராக இறக்கிவிட்டுப் போக முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற செங்குத்துக் குழியில் பிள்ளைகள் விழுந்த செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம்.

அனுமதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மூன்று வழிக்கும் அது பொது. நம்ம நிலம்தானே என்பது இங்கே செல்லாது. கிராவல் சிறுகனிமம், கனிமவளத் துறையின் அனுமதி, சுரங்கத் திட்டம், சீனியரேஜ் என்னும் அரசுக் கட்டணம், லோடுக்கு லோடு நடைச்சீட்டு எல்லாம் வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் தோண்டினால் கனிமச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. ஏற்காட்டில் மலைமேல் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது; தவிர, சரிவில் அடிமண்ணை எடுத்தால் மேலே இருக்கும் காப்பித் தோட்டமும் சேர்ந்து இறங்கிவரும்.

வழி 1: மொத்தமாகத் தோண்டி, கடைசியில் சீர்செய்வது

டிப்பர்காரருக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நாலு ஏக்கரையும் திறந்துவிட்டு, வண்டி எங்கே வசதியோ அங்கே நிறுத்தி அள்ளலாம். பெரிய ஒப்பந்த வேலைக்கு மண் போகிறதென்றால் சில மாதங்களில் முடிந்துவிடும். உங்களுக்கும் காசு மொத்தமாக வரும். பொக்லைனை ஒரே தடவை கொண்டுவந்தால் போதும், அனுமதிக் காலமும் வீணாகாது.

மறைந்திருக்கும் செலவு மேல்மண்ணில் இருக்கிறது. 1,740 யூனிட் மண்ணை வெட்டினால் இளகி ஐந்தில் ஒரு பங்காவது பெருகும். அதை ஆறடி உயரத்துக்குக் குவித்தாலே முக்கால் ஏக்கருக்குக் குறையாமல் இடம் பிடிக்கும். அதற்கு மேல் உயர்த்தினால் அடிமண்ணுக்குக் காற்றுப் போகாமல் உயிர் செத்துவிடும். அந்த முக்கால் ஏக்கர் எங்கே இருக்கிறது? எல்லையில் விட்ட ஓரத்தில் கரையாகப் போட்டாலும் அத்தனையும் அடங்காது. அதனால்தான் நடைமுறையில் இரண்டில் ஒன்று நடக்கிறது. மேல்மண்ணும் லோடாகி வெளியே போகும், இல்லையென்றால் பன்னிரண்டடி மலையாக ஒரு மூலையில் குவிந்து, மழையில் பாதி கரைந்து ஓடைக்குப் போகும்.

ஒழுங்காக வைத்திருந்தாலும், அத்தனை மண்ணையும் இரண்டு தடவை தூக்க வேண்டும். 1,740 யூனிட் இரண்டு தடவை என்றால் 3,480. உங்கள் ஊர் வண்டி வாடகையைப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது தடவை வரும்போது கிராவல் தீர்ந்திருக்கும், டிப்பர்காரர் வேறு காட்டில் இருப்பார், போன் எடுக்க மாட்டார்.

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் மேக்னசைட் சுரங்கங்களின் வெளிறிய கழிவுக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாறையிலேயே மெக்னீசியம் அதிகம், அது வேறு கதை. ஆனால் மேல்மண் இல்லாத குவியலில் செடி ஏற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அதுவே போதும்.

இன்னொன்று, திறந்த பெரிய குழி குப்பையை இழுக்கும். நகரத்துக்குப் பக்கத்தில் இடிபாட்டுக் கழிவு வரும், ஜவ்வரிசி ஆலைகள் உள்ள பக்கம் கழிவுநீர் லாரிகூட வரலாம். ராத்திரியில் கொட்டிவிட்டுப் போவார்கள், பதில் சொல்ல வேண்டியவர் பட்டாதாரர்.

இது எப்போது சரி? இரண்டு ஏக்கருக்குள் இருக்கும் சின்ன நிலத்தில், பட்டை பிரிப்பதற்கே இடமில்லாதபோது. அல்லது ஒரு மேட்டை வெட்டி அக்கம்பக்கத்து நிலமட்டத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே நோக்கம், குழி என்று ஒன்றும் விழாது என்றால். மற்றபடி நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வழி 2: பட்டை பட்டையாகத் தோண்டி, பின்னாலேயே மூடிக்கொண்டு வருவது

நாலு ஏக்கரை மூன்று பட்டையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1.33 ஏக்கர். முதல் பட்டையின் மேல்மண் 580 யூனிட் மட்டும் தனியே குவிக்கப்படும். இரண்டாம் பட்டையைத் திறக்கும்போது அதன் மேல்மண் குவியலுக்குப் போகாது, நேராக முதல் பட்டையின் தரையில் விரிக்கப்படும். மூன்றாவதின் மண் இரண்டாவதுக்கு. கடைசியாக, முதலில் குவித்த மண் மூன்றாவதுக்கு. தூக்கும் கணக்கு 3,480இலிருந்து 2,320 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதோடு மூன்றில் இரண்டு பங்கு மண் குவியலில் கிடக்காமல், விதையும் நுண்ணுயிரும் உயிரோடு இருக்கும்போதே புது இடத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. முதல் பட்டையின் மண்ணை முதல் பட்டைக்குப் பக்கத்திலேயே குவித்துவிடுவார்கள். கடைசியில் அது மூன்றாம் பட்டைக்குப் போக வேண்டிய மண். அப்போது சீர்செய்து விதைத்த இரண்டு பட்டைகளின் மேலேயே டிப்பர் ஓட்டிக் கொண்டுபோக வேண்டிவரும், செய்த வேலையெல்லாம் மிதிபட்டுக் கெட்டியாகிவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே கொஞ்சம் டீசல் போனாலும் பரவாயில்லை என்று, அதை மூன்றாம் பட்டையின் எல்லையில் கொண்டுபோய்க் குவியுங்கள். விட்டுவைத்த 7.5 மீட்டர் ஓரம் அதற்குத்தான் உதவும். ஆறு மீட்டர் அகலம், ஐந்தடி உயரத்தில் அந்தப் பட்டையின் மூன்று எல்லையிலும் கரையாகப் போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். வெளித் தண்ணீர் உள்ளே பாயாமல் தடுக்கும் கரையாகவும் இருக்கும். அதன் மேல் கொழிஞ்சியோ சணப்போ தூவிவிட்டால் மண் கரையாது.

எந்தப் பக்கம் தொடங்குவது? நிலம் சரியும் தாழ்ந்த பக்கத்தில். மழை பெய்தால் தண்ணீர் வேலை முடிந்த பக்கம் இறங்கும், வெட்டும் முகம் காய்ந்திருக்கும். தாழ்ந்த கோடியில் ஒரு மூலையை மட்டும் சேற்றுநீர் தங்கும் குழியாகக் கடைசிவரை மூடாமல் விட வேண்டும்.

மண் எடுக்கும் பக்குவத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிபோல ஒட்டினால் காத்திருங்கள். பொடியாகப் பறந்தாலும் நல்லதல்ல. தை, மாசியில் வெட்டி, வைகாசி, ஆனியில் விரித்து, ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும்படி ஒவ்வொரு பட்டையையும் வைத்துக்கொண்டால் மழை உங்கள் பக்கம் இருக்கும். விரிக்கும் முன் குழித்தரையை உளிக் கலப்பையால் கீறிவிட வேண்டும். டிப்பர் ஓடிய தரை சிமெண்டுத் தளம் மாதிரி இருக்கும், வேர் இறங்காது. விரித்த பிறகு வண்டி ஏறவே கூடாது.

இதிலும் மறைந்த செலவு உண்டு. வேலை இரண்டு மூன்று வருஷம் இழுக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் பொக்லைன் வந்து போகும் செலவு தனி. நடுவில் கிராவல் விலை இறங்கலாம், அனுமதிக் காலம் முடிந்துவிடலாம். அவசரத்தில் இருக்கும் டிப்பர்காரர் இந்த ஏற்பாட்டுக்கு யூனிட்டுக்குக் குறைத்துத்தான் கேட்பார், கேட்கட்டும். தரை ஆறடி கீழே போய்விடுவதால், சுற்றியுள்ள காட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கும், அதற்கு வடிகால் வேண்டும். மேல்மண்ணை விரித்த முதல் வருஷமே பழைய மகசூல் வராது. சணப்பு, தக்கைப்பூண்டு என்று விதைத்து மடக்கி உழுது, இரண்டு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும்.

மண் போதவில்லை என்றால் ஏரி வண்டல் இருக்கிறது. விவசாயத்துக்கு ஏரி வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி வாங்க முடிகிறது. கோடையில் ஏரி வற்றும்போது அதைச் சேர்த்துக்கொண்டால் நிலம் பழையதைவிடத் தண்ணீரைப் பிடிக்கும்.

நிலத்தைத் திரும்ப உழ வேண்டும், பிள்ளைகளுக்கும் அது விளைநிலமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழி. உழவு வேண்டாம் என்றாலும் மேய்ச்சலுக்குச் சரி. கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் போட்டால், மேச்சேரி ஆடு வளர்ப்பவருக்கு அது குறைந்த செலவுச் சீரமைப்பு. மா நடுவதானால் தரைப் பாறை பொடிந்திருக்கிறதா, மூன்றடிக் குழி எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். சீத்தாவும் நெல்லியும் அவ்வளவு கேட்காது.

வழி 3: ஒரு மூலையை ஆழமாக்கிக் குட்டை, மீதியை மேலாக எடுப்பது

வழி 2இல் தாழ்ந்த கோடியில் சேற்றுநீர்க் குழி ஒன்று விட்டோமே, அதையே அரை ஏக்கருக்கு விரித்து, பன்னிரண்டடி ஆழம் கொண்டுபோவது. அங்கே பொடிந்த பாறைவரை ஆழமாக எடுப்பதால், மீதி நிலத்தில் மூன்றடியோடு நிறுத்திக்கொள்ளலாம்; மொத்தத்தில் கிராவல் குறையத்தான் செய்யும். நிலமட்டம் அதிகம் இறங்காது, விளையும் பகுதியில் நீர் பிடிக்கும் அடுக்கு பாதியாவது தப்பும்.

ஓரத்தைச் சாய்வாக வெட்டினால் அரை ஏக்கர் குட்டையில் 55 லட்சம் லிட்டர் வரை நிற்கும். சேலத்தில் வருஷ மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். 5 ஏக்கரில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தாலே 40 லட்சம் லிட்டர். கணக்கில் முக்கால்வாசி நிறைந்துவிடுகிறது.

நிறையும், ஆனால் நிற்குமா? கிராவல் தரை ஒழுகும். பக்கத்தில் கிணறு இருந்தால் அது லாபம்தான், தண்ணீர் அங்கே போய்ச் சேரும். சேமித்து இறைக்க வேண்டும் என்றால் அடியில் வண்டலோ களிமண்ணோ அறைந்து பரப்ப வேண்டும், அது தனிச் செலவு. ஆவியாவதும் குறைவில்லை, வருஷத்துக்கு ஐந்து, ஆறடி தண்ணீரை வெயிலே குடிக்கும். அதனால்தான் மொத்த நிலத்தையும் ஆறடிக் குழியாக விட்டுவிட்டு, இது குட்டைதான் என்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. அது பங்குனிக்குள் காய்ந்து, சீமைக்கருவேலம் முளைத்த பள்ளமாகிவிடும். பரப்பு குறைந்து ஆழம் கூடினால்தான் குட்டை.

வேலி, ஏறி இறங்கச் சாய்வான ஒரு பக்கம், எச்சரிக்கைப் பலகை எல்லாம் இங்கே கட்டாயம். ஆழத்தை மாற்றுவதானால் சுரங்கத் திட்டத்தில் ஆரம்பத்திலேயே அப்படிப் போட்டிருக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு அனுமதி வாங்கிவிட்டு நாலு மீட்டர் இறங்கினால் கூடுதலாக எடுத்த அத்தனையும் சட்டவிரோதக் கணக்கில் சேரும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மொத்தமாக | பட்டை பட்டையாக | குட்டையும் மேல்வெட்டும் |
|---|---|---|---|
| காசு வரும் வேகம் | வேகம் | மெதுவாக, தவணையாக | நடுத்தரம் |
| மேல்மண் | இரண்டு தடவை தூக்க வேண்டும், பெரும்பாலும் போய்விடும் | பெரும்பகுதி ஒரே தடவை | பட்டை முறையோடு சேர்த்தால் தப்பும் |
| கிணற்று நீர் | அதிக பாதிப்பு | பாதிப்பு உண்டு | அண்டைக் கிணற்றுக்கு நன்மையும் உண்டு |
| ஆபத்து | பெரிய திறந்த குழி | ஒரு நேரத்தில் ஒரு பட்டை | ஆழம் அதிகம், வேலி கட்டாயம் |
| திரும்ப விளைய | சொல்ல முடியாது | 2, 3 வருஷம் | விளையும் பகுதி 2 வருஷத்தில் |
| யாருக்கு | சின்ன நிலம், மேட்டைச் சமன் செய்ய | உழப்போகிறவர் | சரிவு நிலம், கிணறு உள்ளவர் |

மலையடிவாரத்தில் கொஞ்சமாவது சரிவுள்ள 4, 5 ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தால் மூன்றாவதைத்தான் சொல்வேன், அதையும் பட்டை வரிசையில் தோண்டச் சொல்லி. திருமணிமுத்தாற்றுக்கோ சரபங்காவுக்கோ போகும் ஓடை நிலத்தை ஒட்டிப் போகிறதென்றால் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். நிலத்தைச் சீக்கிரத்தில் வீட்டுமனையாக்கும் எண்ணம் இருந்தால் மூன்றுமே சரியில்லை. குழியை நிரப்பினால் அந்த மண் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், அதன் மேல் கட்டிய சுவர் வெடிக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சில் எல்லாரும் நல்லவர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசினால், எவ்வளவு ஆழம் போனாலும் டிப்பர்காரருக்கு லாபம். யூனிட் கணக்கில் பேசி, நடைச்சீட்டு எண்ணிக்கையோடு வாராவாரம் ஒத்துப்பாருங்கள். மேல்மண் நிலத்தைவிட்டு வெளியே போகாது என்று தனி வரியாக எழுதுங்கள். அனுமதி யார் பெயரில், அபராதம் வந்தால் யார் கட்டுவது என்பதும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட வேலை செய்யும் நிபந்தனை ஒன்று உண்டு. முதல் பட்டையில் மேல்மண் விரித்து, கீறி, விதைத்து முடிக்காமல் மூன்றாம் பட்டையில் பொக்லைன் இறங்கக் கூடாது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதும், கோர்ட்டுக்குப் போவதும் நம்மால் ஆகிற காரியமல்ல. அவருக்கு வேண்டிய கிராவல் இன்னும் நம் காட்டிலேயே இருக்கும்வரைதான் அவர் போன் எடுப்பார். வண்டி உள்ளே வரும் பாதையையும் உங்கள் வீட்டுப் பக்கமாகவே வையுங்கள், கதவும் பூட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.